கழிவு கேட்க ஆளில்லாத சீட்டு

1

அன்று நோர்வேயில், எல்லிங்ஸ்ருட்டில் எங்கள் வீட்டு வரவேற்பறையில் இருந்தவர்கள்: டாக்சி ஓட்டும் குலம் அண்ணை, முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் சாந்தியக்கா, திராமனில் இருந்து ரயிலில் வந்த ரவி, கணினி வேலைக்காகச் சென்னையில் இருந்து வந்து எங்கள் தொடர்மாடியிலேயே வாடகைக்கு இருக்கும் கார்த்திக், என் மனைவி மனோ, நான். மகள் அபியும் இருந்தாள். ஆனால் இரண்டு காதிலும் பாட்டை மாட்டிக்கொண்டு இருந்ததால் அவளை அரை ஆளாகத்தான் கணக்கில் எடுக்கவேண்டும். சீட்டில் மிச்சம் நாலு பேர் வரவில்லை. நாலு பேரும் தனித்தனியே தொலைபேசி எடுத்து, சொல்லிவைத்ததுபோல ஒரே வசனத்தைச் சொன்னார்கள்: "எனக்கு இந்த மாதம் வேண்டாம், மற்ற ஆக்கள் எடுக்கட்டும்."

அவர்கள் வேண்டாம் என்றது காசை.

ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்குச் சீட்டு என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. பிள்ளைகளும் வாசிக்கக்கூடும் என்பதால் சொல்லிவைக்கிறேன். நாங்கள் பத்துப் பேர். ஆளுக்கு மாதம் மூவாயிரம் குறோணர். சேரும் முப்பதாயிரத்தை மாதம் ஒருவர் எடுப்பார். அவசரம் உள்ளவர், "நாலாயிரம் கழிச்சுத் தாங்கோ, நான் எடுக்கிறன்" என்று கழிவு கேட்பார். அவரைவிட அவசரம் கூடியவர் ஐயாயிரம் கேட்பார். கூடக் கழிக்கிறவருக்குச் சீட்டு. கழிந்த காசு பத்துப் பேருக்கும் பிரிந்து, அந்த மாதம் எல்லோருக்கும் கட்டுக்காசு குறையும். நடத்துகிறவருக்குத் தாச்சி என்று பெயர். முதல் மாதம் கழிவில்லாமல் அவருக்கு.

இந்தச் சீட்டுக்குத் தாச்சி நான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட ஒருவனை நம்பி ஒன்பது பேர் காசு தருகிறார்களே என்பதே எனக்கு ஒரு கவலை. கதவைப் பூட்டினேனா என்று பார்க்க மின்தூக்கியில் திரும்ப ஏறுகிற ஆள் நான். என்னை நான் நம்பமாட்டேன்.

முந்திய வருடங்களில் சீட்டு நாள் என்றால் வீடு சந்தை மாதிரி இருக்கும். ஒருமுறை குலம் அண்ணையும் ரவியும் மாறி மாறி ஏற்றி ஆறாயிரம் வரை போய், பிறகு ஒரு கோடைகாலம் முழுக்கக் கதைக்காமல் இருந்தார்கள். இந்தச் சுற்று ஐப்பசியில் தொடங்கியது. முதல் மாதம் நான் எடுத்தேன். அடுத்த மாதம் ஒருவரும் கேட்கவில்லை. பெயர்களைக் கிண்ணத்தில் போட்டுக் குலுக்கி ஒருவருக்குக் கொடுத்தோம். மார்கழியிலும் அப்படியே. அந்தமுறை ரவிக்கு விழுந்தது. வரிக் கந்தோரில் இருந்து கடிதம் வந்தவன் முகம் அவனுக்கு. என்னைத் தனியே கூப்பிட்டு, "அண்ணை, காசை நீங்களே வைச்சிருங்கோவன். என்ரை வீட்டிலை இருந்தால் செலவழிஞ்சு போடும்" என்றான்.

சும்மா கிடைக்கிற முப்பதாயிரத்தை எடுக்கப் பத்துப் பேரில் ஒருவரும் இல்லை. இது நடந்தது 2003ஆம் ஆண்டு தை மாதம், உலகத்தின் வசதியான நாடுகளில் ஒன்றில்.

2

காரணத்தைச் சொல்ல அபியில் இருந்து தொடங்கவேண்டும். ஐப்பசியில் அவளுக்குப் பள்ளிக்கூடத்தில், வகுப்புக்கு முன் நின்று ஜப்பானின் பொருளாதாரம் பற்றிப் பேசவேண்டி வந்தது. எனக்கு முன்னால் நின்று பேசிப் பார்த்தாள். நோர்வேஜிய மொழியில் பேசியது எனக்குப் பாதிதான் விளங்கியது. விளங்கிய பாதி போதாதென்று மிச்சத்தையும் தமிழில் சொல்லச் சொன்னேன். நித்திரையைக் கெடுத்துக்கொள்வதற்கு நானே கேட்டு வாங்கியது அது.

"அங்கை சனத்திட்டைக் காசு இருக்கப்பா. ஆனால் செலவழிக்கினம் இல்லை. நாளைக்கு விலை குறையும் எண்டு பாத்துக்கொண்டு இருக்கினம். எல்லாரும் பாத்துக்கொண்டு இருக்க, கடை பூட்டுப்படும். வேலை போகும். அந்தப் பயத்திலை மிச்ச ஆக்கள் இன்னும் இறுக்கிப் பிடிப்பினம். அப்பிடியே பத்து வருஷம் போட்டுது. யூரோப்புக்கும் வரலாம் எண்டு டீச்சர் சொல்லுறா."

"பிறகு என்ன நடந்தது?"

"பிறகு ஒண்டும் நடக்கேல்லை. அதுதான் விஷயமே."

எனக்கு இதுதான் தாங்க முடியாமல் போனது. குண்டு விழும் என்றால் பதுங்குகுழி வெட்டலாம். ஒன்றும் நடக்காது என்றால் எங்கே போய்ப் பதுங்குவது?

இதற்குத் தமிழில் என்ன பெயர் என்று கார்த்திக்கைக் கேட்டேன். "பொருளாதாரத் தேக்கம்னு பேப்பர்ல போடுவாங்கண்ணா. நீங்க ஏன் அதெல்லாம் படிக்கிறீங்க?" என்றார். தேக்கம். எங்கள் பக்கத்தில் குளம் நிறைந்து தேங்கினால் சந்தோஷப்படுவோம். இங்கே அது நோயின் பெயராக இருந்தது.

பெயர் கிடைத்த பிறகு அறிகுறிகள் தானாகத் தெரியத் தொடங்கின. நான் வேலை செய்வது ஒரு ஹோட்டலின் காலைச் சாப்பாட்டுப் பகுதியில். முட்டை அவிப்பது என் பொறுப்பு. கார்த்திகை மாதம் முட்டைத் தட்டுகள் குறைந்தன. வெறுந்தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, என்னுடைய நோர்வேஜிய மொழியில் மேற்பார்வைக்காரியிடம், "நாடு நிற்கப்போகுதா?" என்று கேட்டேன். "எங்கே?" என்று திருப்பிக் கேட்டாள். கையாலும் காலாலும் விளங்கப்படுத்தினேன். மாரிக் குளிரில் ஆட்கள் குறைவு என்றும், வந்தவர்களும் இப்போது தயிர்தான் சாப்பிடுகிறார்கள் என்றும், எப்படியும் கடலுக்கடியில் எண்ணெய் இருக்கிறது, பயப்படாதே என்றும் சொன்னாள். அன்றிலிருந்து எண்ணெய் முடிந்தால் என்ன செய்வது என்ற கவலையும் சேர்ந்துகொண்டது.

கவலையைத் தனியே வைத்திருக்கிற பழக்கம் எனக்கு இல்லை. சனிக்கிழமைகளில் குறொன்லாண்டில் சாமான் வாங்கப் போகும்போது, தமிழ்க் கடையில் அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில் நின்று வருகிற போகிற நம்மவர்களிடம் சொன்னேன். அந்த மாரி கரண்ட் காசு வேறு ஏறியிருந்ததால் என் பேச்சுக்கு நல்ல வரவேற்பு. குலம் அண்ணை காருக்கு எஞ்சின் மாற்ற இருந்தவர். பொறுங்கோ, விலை இறங்கும் என்றேன். சாந்தியக்கா மகளின் சாமத்தியச் சடங்குக்கு ஹோல் பார்த்துக்கொண்டு இருந்தார். அடுத்த வருடம் ஹோல்காரரே காலில் விழுவினம் என்றேன். தாய் தகப்பனைக் கோடைக்குக் கூப்பிட இருந்த கார்த்திக்கிடம், வேலை ஒப்பந்தம் நீடிக்குமா என்று முதலில் பாருங்கோ என்றேன். படித்த பிள்ளை, அவரே பயந்துபோனார்.

"அப்பா, ஸ்லாப் ஆவ்" என்றாள் அபி. சும்மா ஆறுதலாக இருங்கோ என்பதற்கு இங்கத்தைப் பிள்ளைகள் சொல்கிற சொல் அது. அவள் அந்தப் பேச்சுக்கு நல்ல புள்ளி எடுத்து, விஷயத்தையே மறந்துவிட்டாள். நான்தான் இன்னும் ஜப்பானில் இருந்தேன்.

3

எல்லாம் நின்றுபோன இடம் ஒன்றை நான் முன்பே பார்த்திருக்கிறேன். யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடை இருந்த நாட்கள். சவர்க்காரம் இல்லை, பற்றரி இல்லை, மண்ணெண்ணெயைக் கண்ணில் காண்பதில்லை. அந்த நாட்களில் எங்கள் சந்தியில் ஒரு சீட்டு ஓடியது. தாச்சி சைக்கிள் கடைக்காரர். என்னை வெளியே அனுப்ப ஏஜென்சிக்குக் காசு கட்டவேண்டும் என்று என் அண்ணர் அந்தச் சீட்டைக் கேட்டார். பாதிக்குக் கிட்டக் கழிவு.

"யோசிச்சுத்தான் கேக்கிறியோ?" என்றார் தாச்சி.

"யோசிச்சால் கேக்க ஏலாது" என்றார் அண்ணர்.

அன்று அங்கே இன்னும் மூன்று பேர் அவரோடு ஏறிக் கேட்டார்கள் என்பது எனக்கு நல்ல நினைவு. ஒருவர் கிணறு இறைக்க, ஒருவர் மகளுக்குச் சீதனத்துக்கு, ஒருவர் ஓடு மாற்ற. அந்த வருடம் ஓடு மாற்ற யோசித்த மனிதனை இன்றைக்கும் என்னால் விளங்கிக்கொள்ள முடியவில்லை. அண்ணர் கழித்துவிட்டு எடுத்த மிச்சத்தில்தான் நான் நோர்வேக்கு வந்தேன்.

4

இனி மனோவின் விஷயம். ஆபத்தில் இருந்தது அவளுடைய தொழில்தான்.

பாலர் பாடசாலை ஒன்றில் துப்புரவு வேலை செய்துகொண்டிருந்தவள், முந்திய சுற்றுச் சீட்டுக் காசில் பெரிய பொரிக்கிற மெஷின் ஒன்றும் ஃபிறீசர் ஒன்றும் வாங்கி, வேலையைப் பாதியாகக் குறைத்தாள். நம்மவர் வீட்டுக் கொண்டாட்டங்களுக்கு றோல்ஸ், பற்றீஸ், வடை செய்து கொடுப்பது மிச்சப் பாதி. இதற்காக நாங்கள் நிரப்பிய படிவங்களை அடுக்கினால் ஃபிறீசரின் பாதி உயரம் வரும். குடியிருப்புச் சங்கம் எண்ணெய் மணத்தைப் பற்றி எழுதி எழுதிக் கேட்டது. கடைசிக் கடிதத்துக்குப் பதிலோடு மனோ இருபது றோல்ஸும் அனுப்பினாள். அனுமதி வந்தது. நகராட்சியில் இருந்து வந்தவர் தெர்மோமீற்றரை எண்ணெய்க்குள் விட்டு, ஃபிறீசருக்குள் விட்டு, கடைசியில் ஒரு வடைக்குள்ளும் விட்டுப் பார்த்தார். அந்த வடையைச் சாப்பிட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.

புரட்டாதி வரை ஓடர் வந்தது. ஐப்பசியில் குறைந்தது. மார்கழியில் ஒன்றுகூட இல்லை. எண்ணெய் ஊற்றாத மெஷினை அவள் கிழமைக்கு ஒருதரம் துடைத்து வைப்பாள். நான் பார்க்காத நேரம் பார்த்துத் துடைப்பாள்.

தை பிறந்ததும் சொன்னாள். "சித்திரை மட்டும் பாப்பன். பிறகு இதை வித்துப்போட்டு முழுநேரம் கூட்டப் போறன். பாலர் பாடசாலையிலை கேட்டனான், இடம் இருக்காம்."

அவள் அதைச் சாதாரணமாகச் சொன்னாள். அடுத்த நாள் அவளுடைய சமையலறை மேலங்கி மடிபட்டு, அலுமாரியின் மேல்தட்டில் இருந்தது. மேல்தட்டுக்கு அவள் கை எட்டாது. கதிரை வைத்து ஏறித்தான் வைத்திருக்கவேண்டும்.

சித்திரை மட்டும் பொறுப்பானேன், இன்னும் விலை இறங்கிவிடும் என்று எனக்கு அவசரம். "பொரிக்கும் மெஷின் விற்பனைக்கு" என்று பெரிய எழுத்தில் எழுதி, குறொன்லாண்ட் கடையின் அறிவித்தல் பலகையில் ஒட்டக் கொண்டுபோனேன். கடைக்காரர் கடதாசியை வாசித்துவிட்டு என்னை வாசித்தார்.

"ஏன் அண்ணை விக்கிறியள்?"

"ஓடர் இல்லை. எல்லாம் இந்தத் தேக்கம்தான்" என்றேன்.

"உந்தத் தேக்கம் இந்த நகரத்திலை வேறை ஒரு கடையிலையும் இல்லை. பக்கத்துப் பாகிஸ்தான்காரன் வாசல் வரைக்கும் சாமான் இறக்கிறான். என்ரை கடையிலைதான் இருக்கு. ஏனெண்டால் மூண்டு மாதமாய் நீங்கள் என்ரை அரிசி மூட்டைக்குப் பக்கத்திலை நிண்டு, ஒண்டும் வாங்காதையுங்கோ, ஒண்டும் செய்யாதையுங்கோ எண்டு சனத்துக்கு வகுப்பு எடுக்கிறியள். கேட்டுப்போட்டு வெங்காயம் மட்டும் வாங்கிக்கொண்டு போகினம். இப்ப உங்கடை மெஷினை வாங்க ஆர் வருவினம் எண்டு நினைக்கிறியள்?"

கடதாசியை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தேன். ஒட்டுவதற்குக் கையில் எடுத்திருந்த பசைநாடா விரலில் ஒட்டிக்கொண்டு, எல்லிங்ஸ்ருட் வரை சுரங்க ரயிலில் என்னோடு வந்தது.

வீட்டில் நடந்ததைச் சொன்னேன். மனோ ஏசுவாள் என்று பார்த்தால் ஏசவில்லை. "கடைக்காரர் அப்பிடியே சொன்னவர்?" என்று மட்டும் கேட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "ஞாயிற்றுக்கிழமை சீட்டுக்கு ஆர் ஆர் வருகினம்?" என்றாள்.

5

ஞாயிற்றுக்கிழமை தேத்தண்ணி வந்தது. ஒரு தட்டு றோல்ஸும் வந்தது. "சீட்டுக் கூறப்போறன், ஆரும் கேக்கிறியளோ?" என்றேன். துக்க வீட்டில் சாப்பிட்டீங்களோ என்று கேட்பதுபோலக் கேட்டேனாம். பிறகு மனோ சொன்னாள்.

குலம் அண்ணை ரவியைப் பார்த்தார். ஏற்கனவே எடுத்துவிட்ட ரவி கூரையைப் பார்த்தான். சாந்தியக்கா றோல்ஸைப் பார்த்தார். நான் வழமைபோலப் பெயர் எழுதிய துண்டுகளைக் கிண்ணத்தில் போடத் தொடங்கினேன்.

"ஐந்நூறு."

மனோ. தேத்தண்ணி ஊற்றியபடியே சொன்னாள்.

குலம் அண்ணை சிரித்தார். "பிள்ளை, சும்மா விழக்கூடிய காசுக்கு ஆரும் கழிவு கேப்பினமே?"

"எனக்கு அவசரம் அண்ணை."

"என்ன அவசரம்?"

"அது எனக்குள்ளை இருக்கட்டும்."

ஒருவர் ஒரு விஷயத்தை நேரே சொன்னால் நம்மவர்கள் கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். ஒளித்தால்தான் அதற்கு மதிப்பு. குலம் அண்ணை என் முகத்தை ஆராய்ந்தார். என் முகத்தில் இருந்தது கலப்படமில்லாத பயம். எனக்கே தெரியாத ஓர் அவசரம் என் வீட்டுக்குள் இருக்கிறதே என்ற பயம். அவர் அதைக் கள்ளமௌனம் என்று எடுத்துக்கொண்டார்.

"ஆயிரம்" என்றார்.

"ஆயிரத்து ஐந்நூறு" என்றாள் மனோ.

கார்த்திக் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அக்கா, எங்கயாச்சும் ஆஃபர் போட்டிருக்காங்களா?" என்று கேட்டவர் பதில் வரும் வரை பொறுக்கவில்லை. "ரெண்டாயிரம். அம்மா அப்பாவ எத்தன நாள்தான் அடுத்த வருஷம் அடுத்த வருஷம்னு சொல்லிட்டு இருக்கறது?"

"இரண்டாயிரத்து ஐந்நூறு" என்றார் குலம் அண்ணை. எஞ்சின் நடுவழியில் நின்றால் ஆர் பொறுப்பு என்று என்னைப் பார்த்துக் கேட்டார். ரவிக்கு இருப்புக் கொள்ளவில்லை. தானும் கேட்கலாமோ என்றான். நீ எடுத்திட்டாய் என்றேன். அது குலுக்கலில் தானாக விழுந்தது, தான் விரும்பி எடுக்கவில்லை, அதைக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்று வழக்காடினான்.

"மூவாயிரம்" என்றாள் மனோ. தேத்தண்ணி கோப்பைக்குக் கீழே பீரிசில் சிந்தியது.

சாந்தியக்கா பாதி கடித்த றோல்ஸைத் தட்டில் வைத்தார். வாயைத் துடைத்தார்.

"நாலாயிரம்."

"யோசிச்சுத்தான் கேக்கிறியளோ, அக்கா?" என்றேன்.

"யோசிச்சு யோசிச்சுத்தானே தம்பி இவ்வளவு காலமும் போனது. பிள்ளை பெரியவளாகி எட்டு மாதம். இன்னும் கொஞ்சம் யோசிச்சால் நேரே கலியாணவீடுதான் செய்யவேணும்."

மனோ கேத்திலை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள். நாலாயிரம் ஒருதரம், இரண்டுதரம், மூன்றுதரம் என்று நான் கூறி முடிக்க, அபி ஒரு காதைக் கழற்றி, ஏன் எல்லாரும் சத்தம் போடுகினம் என்று கேட்டாள். ஜப்பான் எழும்பியிட்டுது பிள்ளை என்றார் குலம் அண்ணை. அவருக்கு அந்த விஷயத்தை நான் அவ்வளவு விரிவாகச் சொல்லியிருந்தேன்.

சமையலறைக்குள் போய், "என்ன அவசரம் உனக்கு?" என்றேன்.

"சாந்தியக்காவின்ரை காசு எங்கை வரப்போகுது? ஹோலுக்குப் போகும், புடவைக்குப் போகும், பிறகு இந்த மெஷினுக்கு வரும். அதுதான் அவசரம்."

"அவ கேக்காமல் விட்டிருந்தால்? மூவாயிரம் கழிச்சு நீயெல்லோ எடுத்திருக்கவேணும்."

"எடுத்துக்கொண்டு போய், பாங்கிலை உங்கடை முப்பதாயிரத்துக்குப் பக்கத்திலை வைச்சிருப்பன். ரண்டும் ஒண்டுக்கொண்டு கதைச்சுக்கொண்டு இருந்திருக்கும்."

என்னுடைய முதல் மாதச் சீட்டுக் காசை நான் மறந்தே போயிருந்தேன். அது வங்கியில் என்ன செய்கிறது என்று மனோ கேட்டாள். இருக்கிறது என்றேன். இதைத்தானே அபி ஜப்பானில் நடக்கிறது என்று சொன்னவள் என்றாள்.

பிறகு கதிரையை இழுத்துப்போட்டு ஏறி, மேல்தட்டில் இருந்த மேலங்கியை எடுத்தாள்.

6

பங்குனியில் சடங்கு நடந்தது. நானூறு றோல்ஸ், நானூறு பற்றீஸ், வடை கணக்கில்லை. ஹோல்காரர் ஒருவரும் காலில் விழவில்லை; வாடகை கொஞ்சம் ஏறித்தான் இருந்தது. அங்கே சாப்பிட்டவர்களில் மூன்று பேர் மனோவிடம் திகதி கேட்டார்கள். அடுத்த சீட்டைக் கார்த்திக் ஐயாயிரம் கழித்து எடுத்தார். குலம் அண்ணை, ஒரு பொடியன் தன்னை வென்றுவிட்டானே என்ற ரோசத்தில் சீட்டுக் கிடைக்கும் வரை பொறுக்காமல் எஞ்சினை மாற்றினார். பாலர் பாடசாலையின் முழுநேர இடத்துக்கு வேறு யாரையோ எடுத்துவிட்டார்கள். மனோ அந்தச் செய்தியை எனக்குச் சொல்லும்போது மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

என் முப்பதாயிரத்தில் ஆடி மாதத்துக்கு ஊருக்கு மூன்று டிக்கெட் எடுத்தோம். சண்டை நின்று யாழ்ப்பாணத்துக்குப் பாதை திறந்திருக்கும்போதே போய்வரவேண்டும். பூட்டிவிட்டால் என்ன செய்வது என்பது என்னுடைய புதுக் கவலை. அங்கே இன்டர்நெட் இருக்கா என்பது அபியுடையது.

தேக்கம் நோர்வேக்கு வருமா, வராதா? எனக்குத் தெரியாது. வரலாம். ஹோட்டலில் முட்டை இன்னும் பழைய அளவுக்கு அவியவில்லை. ஆனால் அது வரும்போது எங்கள் வீட்டு வாசலால் வராது, வரவிடமாட்டேன் என்று மனோ சொல்லியிருக்கிறாள். அதற்கு அவள் செய்த ஏற்பாட்டையும் சொல்லி முடிக்கிறேன்.

சடங்கன்று, மனோ சும்மாதான் ஏற்றிக் கேட்டவள் என்பது சாந்தியக்காவுக்குத் தெரிந்துவிட்டது. சொன்னது நான்தான். என் வாய் அப்படி. "அப்ப என்ரை நாலாயிரம்?" என்று அவர் இடுப்பில் கை வைத்தார். மனோ உடனே நூறு றோல்ஸின் காசைக் கழித்துவிட்டாள். ஒன்று எட்டுக் குறோணர்படி எண்ணூறு. அதை என் பெயரில் எழுதினாள். இனிமேல் நான் அந்தச் சொல்லை ஒருதரம் சொன்னால் ஐம்பது குறோணர் கூடும் என்றும் சட்டம் போட்டாள். தேக்கம் என்று சொல்லாமல் இருக்கப் பழகி, இதுவரை முந்நூறு கட்டிவிட்டேன். மிச்சம் ஐந்நூறு இருந்தது.

நேற்று இந்தக் குறிப்பை அவளிடம் வாசிக்கக் கொடுத்தேன். பென்சிலோடு வாசித்தாள். எழுதினாலும் சொன்ன கணக்குத்தானாம். கார்த்திக் சொன்னதையும் கடைக்காரர் சொன்னதையும் நான்தானே எழுதினேன் என்று அவற்றையும் சேர்த்துக்கொண்டாள். ஆறு இடத்தில் கோடு இழுத்திருந்தாள். தலைப்பில் போடாதபடியால் ஒரு ஐம்பது தப்பியது.

ஆக, இன்றைய திகதியில் நான் என் மனைவிக்குக் கொடுக்கவேண்டிய மிச்சம்: எண்ணூறு குறோணர்.